மேசைக்கடியில் ஐந்து கிலோ

தண்ணீர்மலைக்காரர்களுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பது வருடத்துக்கு ஒருமுறைதான் நினைவுக்கு வரும். தைப்பூசம் நெருங்கினால் விரதம், சைவம், விடியற்காலையில் மலையேற்றம். பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளையும் நிற்காமல் ஏறிவிட வேண்டும் என்று ஒரு வைராக்கியம். பூசம் முடிந்த மறுவாரம் எல்லாரும் பழையபடி நாற்காலிக்குத் திரும்பிவிடுவோம்.

என் நாற்காலி பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இருக்கிறது. கணினி முன்னால் எட்டு மணி நேரம். போக வர, ஜாமில் காருக்குள் ஒன்றரை மணி நேரம். போன வருட மருத்துவப் பரிசோதனையில் எச்பிஏ1சி 5.9 என்று வந்தது. இனிப்புநீர் இல்லை, அதற்கு முந்தின நிலை. அப்பாவுக்கு இருபது வருடமாக இனிப்புநீர். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தாகிவிட்டது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. எங்கள் வீட்டில் அது ஏற்கெனவே ஓர் ஆளைப் பிடித்துவிட்டது.

ஜிம்முக்குப் போக நேரமில்லை. வீடு சேர ஏழரை ஆகும். அப்பாவின் காலுக்கு மருந்து கட்ட வேண்டும். ஆகவே ஐந்து கிலோ டம்பெல் ஒரு ஜோடி வாங்கி அலுவலக மேசைக்கடியில் வைத்தேன். பத்தரைக்கு, டம்பெல்லைப் பிடித்தபடி உட்கார்ந்து எழுவது. சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மறுகையால் எடையை இடுப்புவரை இழுப்பது. நாலு மணிக்கு, தலைக்கு மேல் தூக்குவது. ஒவ்வொன்றும் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. ஒரு வேளைக்கு ஆறு நிமிடம். வாரத்துக்குத் தொண்ணூறு நிமிடம்.

இவ்வளவு கொஞ்சம் போதுமா என்றால், உடற்பயிற்சி குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் எடுத்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. காரணமும் எளிது. சும்மா இருக்கும் தசை, சர்க்கரையை உள்ளே விட இன்சுலினை எதிர்பார்க்கும். வேலை செய்யும் தசை அதற்காகக் காத்திருக்காது. இரத்தத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும்.

நேரத்தைவிட வெட்கம்தான் பெரிய தடை. சிகரெட் பிடிக்க ஒருவர் கீழே இறங்கினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. டம்பெல்லைத் தூக்கினால் தளமே திரும்பிப் பார்க்கிறது.

"என்ன தம்பி, இந்த வருசம் காவடி எடுக்கப் போறீங்களா?" என்றார் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா.

"இல்லக்கா, இனிப்புநீர் வந்துடக் கூடாதுன்னுதான்."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒன்றை எடுத்தார். பத்து தடவை அலட்டிக்கொள்ளாமல் தூக்கி இறக்கினார். "எனக்கும் இருக்கு தம்பி. மாத்திரைதான் ஓடுது." இப்போது நாலு மணிக்கு நாங்கள் இரண்டு பேர்.

கிளினிக் டாக்டரைக் கேட்டுவிட்டு அப்பாவுக்கும் ஒரு கிலோவில் ஒரு ஜோடி வாங்கினேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி, செய்தி ஓடும்போது தூக்குகிறார். "இது என்னடா, விளையாட்டுச் சாமான் மாதிரி" என்று சொல்லிக்கொண்டேதான்.

அடுத்த மாதம் எனக்கு மறுபரிசோதனை. 5.9 இறங்கலாம், அப்படியே நிற்கலாம். எதுவானாலும் மறுநாள் பத்தரைக்கு எழுந்து நிற்பேன்.