இறங்கும் மரியாதை

என்ன உத்தியோகம் என்று யாரேனும் கேட்டால், "தோட்டத்தில் கிராணி" என்று சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சம். சம்பளச் சீட்டில் அதற்கு வேறு நாகரிகமான பெயருண்டு. ஆயினும் கிள்ளான் வட்டாரத்துப் பெரியவர்களிடம் எந்தப் பெயரைச் சொன்னாலும், "ஓகோ, கிராணியா?" என்று ஒரே சொல்லில் என்னை அளந்துவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு பேனா, ஓர் அதட்டல் ஆகிய மூன்றும் அடங்கியிருப்பதை அவர்கள் அறிவார்கள். வெள்ளைச் சட்டை என்னிடம் இல்லை. பேனாவுக்குப் பதில் கணினி வந்துவிட்டது. அதட்டல் என்னவாயிற்று என்பதே என் விசாரணை.

என் தந்தையார் லாரி ஓட்டியவர். பிள்ளை இங்கிலீஷ் படித்தால் தோட்டத்துக்குத் தப்பிவிடுவான் என்பது அவருடைய சித்தாந்தம். ஆனபடியால் சம்பாத்தியத்தில் பெரும் பகுதியைத் தனியார் இங்கிலீஷ் பள்ளியொன்றில் கொட்டினார். நானும் படித்தேன், கோலாலம்பூரில் இரண்டு அலுவலகங்களில் நாற்காலி தேய்த்தேன், முடிவில் தோட்டத்திற்கே வந்து சேர்ந்தேன். என் பாட்டனார்கள் பெரட்டில் நின்று பெயர் கொடுத்தார்கள்; நான் மேசைக்கு இப்பால் உட்கார்ந்து பெயர் எழுதுகிறேன். இந்த ஐந்தடி தூரத்தைக் கடக்க எங்கள் குடும்பத்துக்கு நான்கு தலைமுறை பிடித்திருக்கிறது.

மேசைக்கு அப்பாலும் மாறிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தமிழர் லயங்களை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போயினர். இன்று எங்கள் பெரட்டில் நிற்போர் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியருமே. பேச்சுக்கு மலாய், கணக்குக்கு இங்கிலீஷ், அலுப்புத் தோன்றும்போது மட்டும் எனக்குத் தமிழ்.

நிற்க. சென்ற ஆண்டு ஒரு மாலை நேரத்தில், அலுவலகத்தைப் பூட்டிவிட்டுச் செம்மண் பாதையில் நடந்து வந்தேன். எதிரே புதிதாக வந்த வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் சைக்கிளில் வந்தார். என்னைக் கண்டதும் இறங்கினார்; தலைகுனிந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னைக் கடந்தார்; பத்தடி போனபின் ஏறி மிதித்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. நான் தடுத்தேனா? இல்லை. ஒரு வாரம் கழித்து, அந்த வேளைக்கென்றே அந்தப் பாதையில் நடக்க ஆரம்பித்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். இங்கிலீஷ் படிப்பு தராத சுகத்தை, ஒருவன் சைக்கிளிலிருந்து இறங்கியது தந்தது!

காலஞ்சென்ற என் அப்பாயி அப்போதுதான் நினைவுக்கு வந்தார். 1941இல் அவருக்கு ஒன்பது வயது. அவருடைய தகப்பனார் பழைய சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தார். துரை வீட்டெதிரே இறங்கவேண்டும். பெரிய கிராணி வீட்டெதிரே இறங்கவேண்டும். கிராணியார் வழியில் வந்தாலும் இறங்கவேண்டும். முன்கம்பியில் உட்கார்ந்திருந்த சிறுமியும் கூடவே இறங்கவேண்டும். "ஏறி இருந்ததைவிட எறங்கி நடந்ததுதான் அதிகம்" என்று சிரிப்பார். எனக்குக் கிராணி வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ஏண்டா, நீயும் ஆளுங்கள எறங்கச் சொல்லுவியா?" என்றார். இந்தக் காலத்தில் யார் அப்பாயி அப்படியெல்லாம் என்று நான்தான் சிரித்தேன்.

நேயர்களில் இளையோர் அறியாதிருக்கக் கூடுமாகையால் சொல்லுகிறேன். அவ்வாண்டில் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். முன்னின்றவர்களில் ஒருவர் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணிசெய்த ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களைத் தொல்லை செய்வோரை அடக்குதல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை அவர்கள் கேட்டவை. அந்தப் பட்டியலிலேயே, துரைக்கும் உத்தியோகஸ்தருக்கும் எதிரே சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கை. நாதன் கைதானார்; மே 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது; படை வந்தது; தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

நாட்கூலி அரை வெள்ளி அளவில் நின்ற காலம் அது. வயிறு காய்ந்தவர்களுக்குச் சைக்கிள் ஒரு கோரிக்கையா என்று படித்தவர்கள் கேட்கலாம். அந்தத் தொழிலாளருக்கு அதன் பூர்வோத்தரம் தெரியும். மேல்ஜாதித் தெருவில் செருப்பைக் கழற்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போ என்று தாழ்த்தப்பட்ட மக்களை வருத்திய வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்ததுதானே? இறங்கச் சொல்வதை வெள்ளைக்காரன் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. நம்மவர் கப்பலில் கொண்டுவந்த சாமான்களோடு அதுவும் வந்து இறங்கியிருந்தது.

இன்று எங்கள் தொழிலாளருக்குச் சட்டம் பல உண்டு. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒருவர் பாஸ்போர்ட்டைப் பிறர் பிடித்து வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2020இல், கட்டாய உழைப்பு நடப்பதாகக் கூறி, மலேசியாவின் இரு பெரிய கம்பெனிகளின் பனையெண்ணெயை அமெரிக்கா தடுத்தபிறகு, எங்கள் அலுவலகத்திலும் தணிக்கைக்காரர் வருகை அதிகமாயிற்று. அவர் கையில் நீண்ட கேள்வித்தாள். சம்பளத்திற்கு ஒரு கட்டம், பாஸ்போர்ட்டுக்கு ஒரு கட்டம், குடிநீருக்கு ஒரு கட்டம். சைக்கிளுக்குக் கட்டமில்லை. எழுத்தறியாத தொழிலாளர் 1941இல் எழுதச் சொன்னதை, இத்தனை படித்தவர்கள் கூடி எழுத மறந்துவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்குச் சாப்பிடப் போனேன். வாழையிலை போட்ட தமிழ்நாட்டு இளைஞர் என்னை "முதலாளி" என்றார். மகிழ்ந்து ஐந்து வெள்ளி அதிகமாகக் கொடுத்தேன். திரும்பும் வழியில் யோசித்தேன்: தினமும் காலையில் மானேஜர் வண்டி எதிர்ப்பட்டால், என் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டி இறங்கி நிற்பவன் யார்? சாட்சாத் நானேதான். என்னை எவரும் இறங்கச் சொல்லவில்லை. என் கால் தானாக இறங்குகிறது. மேலே ஒருவருக்கு இறங்குகிறவனுக்குக் கீழே ஒருவர் இறங்கினால்தான் கணக்குச் சரியாகிறது போலும்!

மறுநாள் அந்த இளைஞரை நிறுத்தி, "இனிமேல் எனக்காக இறங்க வேண்டாம்" என்று மலாயில் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. "ஏதாவது தவறு செய்துவிட்டேனா, போஸ்?" என்றார். இல்லை என்று சொல்லச் சொல்ல அவருக்குப் பயம் மிகுந்தது. மூன்று நாள் அந்தப் பாதையிலேயே அவரைக் காணோம். வாய்க்கால் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனதாகப் பின்னர் அறிந்தேன். அதிகாரம் செய்வதைவிட அதை விட்டுவிடுவதாக ஒருவரை நம்பச் செய்வது கடினம்.

நான்காம் நாள் வந்தார். தூரத்தில் வேகம் தளர்ந்தது. ஒரு கால் தரையைத் தொட்டது. பிறகு என்ன நினைத்தாரோ, மிதித்துக்கொண்டே என்னைக் கடந்து போனார். என் பக்கம் திரும்பிப் பார்க்கவுமில்லை.

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. "பார், எவ்வளவு திமிர்!" என்று ஒரு சொல் உள்ளே எழுந்தது. நான் தேடிய பழைய அதட்டல் அதுதான். எங்கும் போகவில்லை, என்னிடமே பத்திரமாக இருந்தது.

மானேஜர் வண்டிக்கு நான் இன்னும் இறங்கவில்லை என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் இன்று காலையும் இறங்கினேன். நாளை ஒரு கால் மட்டும் தரையில் ஊன்றிப் பார்க்கலாமென்றிருக்கிறேன்.