யாருடைய வரிப்பணம்?

"எங்க வரிப்பணத்துலதானே நீங்க படிக்கிறீங்க?"

கல்வி உதவித்தொகை வாங்கிப் படிக்கும் நம் பிள்ளைகள் ஒருமுறையாவது இதைக் கேட்டிருப்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். விடுதிச் சாப்பாடு, பஸ் பாஸ், இட ஒதுக்கீடு என்று எந்தப் பேச்சு வந்தாலும் கடைசியில் இங்கே வந்து நிற்பார்கள். அவர்கள் கணக்கில் வரி என்றால் வருமான வரி மட்டும்தான். கூலிக்காரர் அதைக் கட்டுவதில்லை, ஆகவே அவர் வரியே கட்டாதவர். இந்தக் கணக்கு பொய். அது எப்படிப் பொய் என்பதை எண்களோடு சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் தோழர்களே.

2025 செப்டம்பர் 22-க்கு முன்பு குளியல் சோப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 118 ரூபாய்க்குச் சோப்பு வாங்கினால் 18 ரூபாய் வரி. அதில் 9 ரூபாய் ஒன்றிய அரசுக்கு, 9 ரூபாய் மாநில அரசுக்கு. களை பறித்துவிட்டு வந்த கையோடு என் அம்மா சோப்பு வாங்கினாலும் 18 ரூபாய்தான், அந்த நிலத்துக்காரர் வாங்கினாலும் 18 ரூபாய்தான். இப்போது அது 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் இருவருக்கும் ஒரே வரி என்பது மாறவில்லை. மது ஜிஎஸ்டிக்குள் வராது, அதன் வரியை மாநிலமே வசூலிக்கிறது. டாஸ்மாக் வாசலில் நம் தெரு ஆண்கள் விட்டுவிட்டு வரும் கூலியிலும் அரசின் பங்கு இருக்கிறது.

அப்பா செருப்புத் தைப்பவர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாயும் ஒரு மரப்பெட்டியும்தான் கடை. ஆம்பூர்ப் பக்கமிருந்து வரும் தோல் துண்டுகளை வாங்கி, பழையதைத் தைப்பார், புதிதும் செய்வார். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அப்பாவுக்கு அந்தப் பேச்சே இல்லை. அதனால் அவர் வரி கட்டாதவர் ஆகிவிடுவாரா? அவர் வாங்கும் பசைக்கு 18 சதவீத வரி விலையோடு சேர்ந்தே வருகிறது. பதிவு பெற்ற பெரிய கம்பெனி, பசை வாங்கும்போது கட்டிய வரியை, செருப்பு விற்றுக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும். அப்பாவுக்கு அந்தக் கழிவு கிடையாது. கட்டிய வரி அவர் தலையிலேயே நிற்கும். டவுனில் ஒரு கடையில் மொத்தமாகச் செருப்புக் கொடுக்கலாம் என்று போனால், "ஜிஎஸ்டி பில் தருவியா?" என்று கேட்டார்கள். பில் இல்லாமல் வாங்கினால் அந்தக் கடைக்குக் கழிக்க எதுவும் இருக்காது. வியாபாரம் அதோடு முடிந்தது.

1,000 ரூபாய் வரையிலான செருப்புக்கு 5 சதவீதமாக இருந்த வரியை 2022 ஜனவரி 1 முதல் 12 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில் 2,500 ரூபாய் வரையிலான செருப்புக்கு மறுபடி 5 ஆக்கினார்கள். வாங்குபவருக்கு இது நல்லதுதான். ஆனால் விலை குறைவது கம்பெனிச் செருப்பு. அதோடு போட்டி போடும் அப்பாவின் பசைக்கு அதே 18 சதவீதம். வரி விகிதம் மாறும்போதெல்லாம் யாருக்குக் குறைந்தது, யாருக்குக் குறையவில்லை என்று நாம் பார்க்க வேண்டியது இதற்காகத்தான்.

இதைப் புதிதாக நாம் கண்டுபிடிக்கவில்லை. பொது நிதியைப் படித்து முனைவர் பட்டம் பெற்றவர் அம்பேத்கர். மாகாண நிதி பற்றிய அவருடைய ஆய்வு 1925-இல் நூலாக வந்தது. 1927-இல் பம்பாய் சட்டமன்றத்தில் பட்ஜெட் மீது பேசும்போது அவர் நிலவரியைப் பிடித்துக்கொண்டார். வருமான வரி, வருமானம் இருப்பவரிடம் மட்டும் வாங்கப்படுகிறது. நிலவரியோ விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஏழை விவசாயியிடம் வாங்கப்படுகிறது. ஒரு ஏக்கர்காரருக்கும் ஜாகீர்தாருக்கும் ஒரே விகிதம். இது என்ன நியாயம் என்று கேட்டார். கட்டும் சக்திக்கு ஏற்ப வரி என்பதே அவர் வாதம்.

அப்படி வரி போட முடியும். 2022-இல் தமிழ்நாட்டில் சொத்து வரியை உயர்த்தியபோது, சென்னை தவிர்த்த நகரங்களில் 600 சதுர அடிக்குள்ளான வீடுகளுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 100 சதவீதமும் உயர்த்தினார்கள். சிறிய வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம். உயர்வு உயர்வுதான், வாடகை வீட்டில் இருப்பவர் தலையில் அது இறங்கவும் செய்யும். ஆனாலும் அளவு பார்த்து வரி போடுவது நடக்காத காரியம் இல்லை என்று இது காட்டுகிறது.

கிராமத்துக்கு வருவோம். அம்மா வீட்டு வரி ரசீதுகளை எல்லாம் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். எங்கள் காலனியில் பலருக்குப் பட்டா கிடையாது. வரி ரசீது பட்டா ஆகாது என்பது அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஊரில்தான் இருக்கிறோம் என்று சொல்ல அவர்களிடம் இருக்கும் காகிதம் அதுதான். வருடம் தவறாமல் வரி வாங்குகிறார்கள். தெருவிளக்கு மட்டும் காலனிக்குத் திரும்பும் முனையோடு நின்றுவிடுகிறது. ஊருக்கும் காலனிக்கும் ரசீது ஒன்றுதான், வெளிச்சம் ஒன்றில்லை.

ஆகவே படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். உங்கள் தெருவின் வரி ரசீதுகளை நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டு வரி இந்த ஆண்டு எவ்வளவு கேட்பு, எவ்வளவு வசூல், எவ்வளவு நிலுவை என்று கேளுங்கள். பிறகு விளக்கு, குடிநீர், சாக்கடைக்குச் செலவான பணம் எந்தெந்தத் தெருவுக்குப் போனது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தனியாகப் போகாதீர்கள், நான்கு பேராகப் போங்கள். பெண்களை முன்னால் உட்கார வையுங்கள். நீங்கள் கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்துப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

யாருடைய வரிப்பணம் என்று இனி யாராவது கேட்டால் கோபப்பட வேண்டியதில்லை. எங்கள் பணமும்தான், கணக்கைக் காட்டுங்கள் என்று சொன்னால் போதும்.