கண் கூசும் கோடிக்கரையில் கடிவாளம் இல்லாத குதிரைகள்!

குதிரை என்றதும் நமக்கு ஞாபகம் வருபவை இரண்டு. ஒன்று, மெரினா மணலில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அலுப்போடு நடக்கிற குதிரை. இன்னொன்று, மாப்பிள்ளை அழைப்பில் பாண்டு வாத்திய டமடமவுக்கு நடுவே, மாப்பிள்ளையைவிட அதிகமாகப் பயந்துபோய் நிற்கிற குதிரை. இரண்டுக்கும் முதலாளி உண்டு, கடிவாளம் உண்டு, டியூட்டி நேரம் உண்டு. ஏறக்குறைய நம்மைப் போலத்தான்!

முதலாளியே இல்லாத குதிரைகளைப் பார்க்க வேண்டுமா? நாகப்பட்டினம் மாவட்டத்தின் தெற்குக் கோடிக்குப் போங்கள். வங்கக் கடலோரமாகத் தெற்கே ஓடிவரும் தமிழ்நாட்டுக் கரை, 'போதும்' என்று சட்டென மேற்கே திரும்புகிற மூலைதான் கோடிக்கரை. அந்த மூலையில் இருக்கும் சரணாலயத்தில், சேணமும் லாடமும் அறியாத மட்டக்குதிரைகள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி வரை 2023-லிருந்து அகலப் பாதையில் ரயில் ஓடுகிறது. அங்கிருந்து சாலைதான். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய மண் இது. இன்றைக்கும் உப்பளங்கள், ஓலை போர்த்திய உப்புக் குவியல்கள். காலை எட்டரை மணிக்கே நாலா பக்கமும் வெள்ளை வெளேர் என்று வெளிச்சம். கூலிங் கிளாஸ் இல்லாதவர்கள் எல்லோருமே கோபக்காரர்கள் மாதிரி முகத்தைச் சுருக்கிக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

என்னோடு வந்தவர் ஆபீஸ் நண்பர், அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். 'பொன்னியின் செல்வ'னைப் பல முறை படித்தவர். முதல் குதிரைக் கூட்டத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட கேள்வி:

"ஏன் சார், வந்தியத்தேவன் இங்க விட்டுட்டுப் போன குதிரையோட பேரப் பிள்ளைங்களா இதெல்லாம்?"

வழிகாட்ட வந்த உள்ளூர்ப் பெரியவர் சிரிக்கவில்லை. "யார் விட்டுட்டுப் போனா என்ன தம்பி, இப்ப அதுங்க யாருக்கும் சொந்தமில்ல" என்றார்.

ஊரில் இவற்றைக் காட்டுக் குதிரை என்கிறார்கள். உண்மையில் வீட்டுக் குதிரை வம்சம்தான். மனிதனை விட்டுப் பிரிந்து தனிக்குடித்தனம் வந்துவிட்டது. ஒரு கூட்டத்துக்கு ஓர் ஆண், சில பெட்டைகள், குட்டிகள். உருவம் சிறிசு, வயிறு கொஞ்சம் பெரிசு. வாரிவிட ஆளில்லாத பிடரி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம்.

நண்பர் செல்போனை எடுத்து 'க்ளிக்' செய்தார். வந்த படத்தில் தரை சாம்பல் நிறம், வானம் சாம்பல் நிறம், நடுவில் நாலு கால் வைத்த கரிக்கட்டை!

"குதிரை செம்பட்டை கலர்தானே சார்? போன்ல ஏன் கருப்பா வருது?"

இந்தக் கேள்வியில்தான் கோடிக்கரை போட்டோகிராபியின் பாதிப் பாடம் இருக்கிறது. கேமராவுக்குள் இருக்கும் வெளிச்ச மீட்டர் ஓர் அப்பாவி. உலகம் மொத்தமும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம்தான் என்று நம்புகிற ஜீவன். உப்பு பூத்த வெள்ளைத் தரையைப் பார்த்ததும், 'ஐயையோ, வெளிச்சம் ஜாஸ்தி' என்று பயந்து படத்தை இருட்டாக்கிவிடும். தரை அதனால் சாம்பலாகும். பாவம், குதிரை கரியாகும்.

வைத்தியம் சுலபம். கேமராவில் எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைக்கும் ப்ளஸ், மைனஸ் இருக்கிறதல்லவா? அதை ப்ளஸ் ஒன்று, ஒன்றரைக்குத் தள்ளுங்கள். செல்போன் என்றால் திரையில் குதிரையின் மேல் விரலால் ஒரு தட்டு. பக்கத்தில் வரும் சூரியப் பொட்டை மேலே இழுங்கள். குதிரைக்கு நிறம் திரும்பிவிடும். பதிலுக்கு வானம் வெளுத்துப்போகும். போகட்டுமே! நாம் வந்தது குதிரைக்காகத்தானே? இரண்டும் வேண்டும் என்று அடம்பிடித்தால், இரண்டும் அரைகுறையாகத்தான் வரும்.

வெள்ளைக் குதிரை வந்தால் கணக்கு வேறு. அதன் முதுகில் படுகிற வெயிலில் ரோமம், எலும்பு, தசை எதுவும் தெரியாமல் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். அதற்கு ப்ளஸ்ஸைச் சற்றுக் குறைக்க வேண்டும். மனிதர்களைப் போலவே, ஒவ்வொரு குதிரையையும் தனித்தனியாகத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

அடுத்த எதிரி கானல். பத்து மணிக்கு மேல் சேற்றுவெளி சூடேறி, தரையோடு தரையாகக் காற்று தளதளவென்று கொதிக்கும். தொலைவில் நிற்கும் குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. தண்ணீரில் மிதக்கிற மாதிரி இருக்கும். எவ்வளவு பெரிய லென்ஸ் போட்டாலும் படம் கலங்கித்தான் வரும். இது லென்ஸின் குறையல்ல; இடையில் இருக்கும் காற்றின் வேலை. தூரத்துப் படங்களை எல்லாம் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வதுதான் ஒரே வழி.

அப்படியானால் நடுப்பகலில் கேமராவை மூட்டை கட்டிவிட்டு, சாப்பிட்டுத் தூங்க வேண்டியதுதானா? பொதுவாக எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். உச்சி வெயிலில் குதிரையின் முதுகு பளபளக்கும். வயிறும் கண்குழியும் இருண்டு போகும். புல்வெளியில் நின்றால் அது நூற்றுக்கு நூறு உண்மை.

ஆனால் அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பெட்டையும் குட்டியும் புல்லை விட்டு இறங்கி, வெளிறிக் காய்ந்த சேற்றுத் தரையில் நடந்தன. அவ்வளவுதான்! இருட்டாக இருந்த வயிற்றுக்கு அடியிலிருந்து வெளிச்சம் எழும்பியது. குட்டியின் தாடை, மார்பு, கால் மூட்டு எல்லாம் துலங்கின. கல்யாண வீட்டில் போட்டோகிராபரின் உதவியாள் பெண்ணின் முகத்துக்குக் கீழே வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பானே, அதே தொழில்நுட்பம். இங்கே இயற்கை பல கிலோமீட்டருக்கு விரித்து வைத்திருக்கிறது, கூலி கேட்காமல்!

வெள்ளையை இப்படி வேலை வாங்கியவர் சரித்திரத்தில் உண்டு. 1878-ல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்பவர் வரிசையாகப் பன்னிரண்டு கேமராக்களை வைத்து, எதிரே வெள்ளைத் திரை எழுப்பி, நடுவே குதிரையை ஓடவிட்டார். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக்கு வெளிச்சம் போதாது. வெள்ளைப் பின்னணி இல்லாமல் ஓடும் குதிரை பதியாது. அந்தப் படங்களில்தான் பாய்ந்தோடும் குதிரையின் நாலு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புவது சந்தேகமில்லாமல் தெரிந்தது. அதுவும் ஓவியர்கள் வரைந்ததுபோல முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு அல்ல. வயிற்றுக்கு அடியில் நாலு காலையும் மடக்கிச் சேர்த்த கணத்தில்!

வெளிச்சம் சரியாகிவிட்டால் மீதி எல்லாம் குதிரையின் காதில் இருக்கிறது. "காதப் பாருங்க தம்பி, மூஞ்சியப் பாக்காதீங்க" என்றார் பெரியவர். காது முன்னால் நிமிர்ந்தால் அதற்கு ஏதோ சுவாரசியம், படம் எடுக்கலாம். பிடரியோடு ஒட்டிப் பின்னால் சாய்ந்தால் கோபம், இரண்டடி பின்வாங்கலாம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் தவிர சுற்றிலும் தெரியும். ஒளிந்து ஒளிந்து போவதில் பிரயோஜனமில்லை. தெரிகிற மாதிரி நின்றுகொண்டு, சும்மா இருப்பதுதான் நல்லது.

சும்மா இருந்தபோதுதான் வெளிமான்கள் வந்தன. முறுக்குக் கொம்போடு ஓர் ஆண் மான், மேலே கருப்பு, கீழே வெள்ளை. பின்னால் நாலைந்து பெண் மான்கள். குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்த அதே புல்லை நோக்கி வந்து, சற்றுத் தள்ளியே நின்றுவிட்டன. குதிரைகள் தலை நிமிரவில்லை.

"பாத்தீங்களா? வீடு யாரோடது, விருந்தாளி யாரு?" என்றார் பெரியவர்.

விஷயம் இதுதான். 1967-ல் இந்தச் சரணாலயத்தை ஏற்படுத்தியதே முக்கியமாக வெளிமானுக்காக. குதிரைகள் அதே புல்லுக்குப் போட்டிக்கு நிற்கின்றன. போதாததற்குச் சீமைக் கருவேலங்காய் என்றால் அவற்றுக்கு உயிர். தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் சாணத்தோடு விதையைப் போட்டுவிடுகின்றன. முள் முளைக்கிறது, புல்வெளி சுருங்குகிறது. இவற்றை என்ன செய்வது என்பது வனவிலங்குத் துறையினருக்குத் தலைவலி. ஆனால் புயலுக்குச் சொந்தக்காரன், விருந்தாளி என்ற பேதமில்லை. 2018 நவம்பர் 16-ம் தேதி விடியலில் கஜா கரையேறியபோது, மான்களோடு குதிரைகளும் செத்தன.

இதையெல்லாம் கேட்ட பிறகு, குதிரையை மட்டும் அழகாக எடுத்துக்கொண்டு போக மனசு வரவில்லை. ஒரே சட்டத்துக்குள் இரண்டும் வரவேண்டும். கருத்த மான், செம்பட்டைக் குதிரை, வெள்ளைத் தரை மூன்றுக்கும் ஒரே எக்ஸ்போஷர் ஒத்துவராது. மாலை நாலரைக்கு மேல், மேற்கே சதுப்பின் பக்கம் வெயில் சாய்ந்து வெள்ளை மஞ்சளாகக் கனிந்தபோதுதான் சமாதானம் பிறந்தது. குதிரையின் பிடரியில் தங்கக் கம்பி மாதிரி ஒரு கோடு. பின்னால் மங்கலாக, காத்துக்கொண்டு நிற்கும் மான்.

கேமராத் திரையில் படத்தைப் பார்த்த நண்பர் அசந்துபோனார்.

"பிரமாதம் சார்! அந்த ஓரத்துல மான் மட்டும் கொஞ்சம் டிஸ்டர்ப் பண்ணுது. வெட்டி எடுத்துட்டா காலண்டருக்கே போடலாம்."

பெரியவர் திரும்பிப் பார்த்தார். "அதத்தான் தம்பி, குதிரை பண்ணிக்கிட்டு இருக்கு!"

நான் வெட்டவில்லை.