குழந்தையின் கையில் எந்தச் செயலி?

பிளே ஸ்டோரில் 'கல்வி' என்ற பகுதியைத் திறந்தால் வரிசைக்கு முடிவே கிடையாது. எழுத்துப் பழக ஒன்று, எண் பழக ஒன்று, விலங்குகளின் குரலுக்கு ஒன்று, வண்ணம் தீட்ட ஒன்று. மூன்று வயதுப் பிள்ளைக்கு உருப்படியாக ஏதாவது இறக்கித் தரலாம் என்று உட்காரும் அம்மா, படத்தையும் நட்சத்திரங்களையும் பார்த்து ஒன்றைத் தொடுகிறார். வேறு எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? 2015 ஜனவரியில் ஆப்பிளின் கடையில் மட்டும் கல்விச் செயலி என்ற பெயரில் சுமார் 80,000 இருந்தன. அந்தப் பெயரைச் சூட்டுவதும் பெரும்பாலும் செயலியைச் செய்தவர்தான். 2020இல் கூகுள், ஆசிரியர்களைக் கொண்டு சிறுவர் செயலிகளை மதிப்பிட்டு 'டீச்சர் அப்ரூவ்ட்' என்ற குறியைத் தரத் தொடங்கியது. அது பயனுள்ள வடிகட்டி. ஆனாலும் தன் வீட்டுப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்ற கேள்வி பெற்றோரிடமேதான் நிற்கிறது.

இந்தக் குழப்பம் செல்போனுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜூலி ஐக்னர் கிளார்க் என்ற முன்னாள் ஆசிரியை, தன் வீட்டின் கீழ்த்தளத்தில் கைக்குழந்தைகளுக்கென்று ஒரு வீடியோ எடுத்தார். பொம்மைகள், பளிச்சென்ற வண்ணங்கள், பல மொழிச் சொற்கள். 'பேபி ஐன்ஸ்டைன்' என்ற பெயரைக் கேட்டாலே வாங்கத் தோன்றியது. 2001இல் டிஸ்னி அந்த நிறுவனத்தை வாங்கியது. 2007இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோரிடம் தொலைபேசியில் விசாரித்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். 8 முதல் 16 மாதக் குழந்தைகள் ஒரு நாளில் இத்தகைய வீடியோக்களைப் பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பார்க்காதவர்களைவிட ஆறு முதல் எட்டுச் சொற்கள் குறைவாக அறிந்திருந்தார்கள். வீடியோதான் காரணம் என்பதை அந்தக் கணக்கு நிரூபிக்கவில்லை. டிஸ்னியும் கடுமையாக மறுத்தது. ஆனால் சொல்வளம் கூடும் என்று நம்பி வாங்கியவர்களுக்கு அதில் ஆறுதல் ஏதும் இல்லை. 2009இல், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர டிஸ்னி முன்வந்தது.

அதே பல்கலைக்கழகத்தில் பட்ரிசியா கூல் 2003இல் வெளியிட்ட சோதனை இன்னும் தெளிவானது. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகள் சிலரோடு, சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் காட்டினார்கள். மொத்தம் பன்னிரண்டு அமர்வுகள். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, டிவியில் காட்டப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். டிவியில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் பதியவில்லை.

செயலி டிவியைப் போன்றதல்ல என்பதும் உண்மைதான். தொட்டால் பதில் சொல்கிறது, தவறினால் திருத்துகிறது, குழந்தையின் வேகத்துக்கு நிற்கிறது. அந்தப் பதிலுக்குப் பின்னால் கற்றல் இருக்கிறதா என்பதே கேள்வி. கேத்தி ஹிர்ஷ்-பாசெக் முதலான உளவியலாளர்கள் 2015இல், குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று அதுவரை தெரிந்தவற்றையெல்லாம் திரட்டி, செயலிகளை எடைபோட நான்கு அளவுகோல்களைச் சொன்னார்கள். விரலோடு மனமும் வேலை செய்ய வேண்டும். கவனம் சிதறாமல் இருக்க வேண்டும். கற்பது குழந்தையின் வாழ்க்கையோடு ஒட்ட வேண்டும். இன்னொரு மனிதரோடு பேச, பகிர இடம் இருக்க வேண்டும். 2021இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவர் ஜென்னி ராடெஸ்கியின் குழு இதே அளவுகோல்களை வைத்துப் பிரபலமான செயலிகளைப் பார்த்தபோது, பெரும்பாலானவை குறைந்த மதிப்பெண்ணே பெற்றன.

இந்த நான்கையும் ஒரு தமிழ் எழுத்துச் செயலியோடு பொருத்திப் பார்க்கலாம். 'அ' திரையில் வருகிறது, குழந்தை தொடுகிறது, அணில் குதிக்கிறது, கைதட்டல் கேட்கிறது. அடுத்தது 'ஆ'. இப்படியே 247 எழுத்துகளையும் தொட்டு முடித்துவிடலாம். குழந்தை செய்தது தொட்டது மட்டுமே. இதைவிட மேலான செயலியைக் கண்டுபிடிக்கச் சில கேள்விகள் போதும். குரல் கொடுத்தவர் ல, ள, ழ மூன்றையும் பிரித்து ஒலிக்கிறாரா? 'கொ' எழுதும்போது கொம்பு, ககரம், கால் என்று விரலை வரிசையாக அழைத்துப் போகிறதா, அல்லது முழு எழுத்தையும் படமாகக் காட்டிவிட்டு நகர்கிறதா? 'கடல்' என்ற சொல்லில் ககரம் ஒரு மாதிரியும், 'மகன்', 'தங்கம்' என்ற சொற்களில் வேறு மாதிரியும் ஒலிப்பதைக் குழந்தை கேட்க வழி செய்கிறதா? எழுத்தைத் தனியாக நிறுத்தாமல் சொல்லுக்குள்ளும், சொல்லைச் சின்னச் சின்ன வாக்கியங்களுக்குள்ளும் கொண்டுபோகும் செயலியில்தான் இது நடக்கும்.

கவனச் சிதறலுக்கு வருவோம். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெற்றோர் பிள்ளைகளுக்குச் சாதாரணப் புத்தகத்தையும், பட்டன் அழுத்தினால் சத்தம் போடும் மின்னணுப் புத்தகத்தையும் படித்துக் காட்டினார்கள். மின்னணுப் புத்தகம் கையில் இருந்தபோது பெற்றோரின் பேச்சு கதையைவிட்டு விலகி, "அதை அழுத்தாதே, சரியாப் பிடி" என்ற வகைக்குப் போனது. மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கதையும் குறைவாகவே புரிந்தது. கதையில் வரும் யானையைத் தொட்டால் யானையைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டும். யானைக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்தைத் தொட்டால் பட்டாசு வெடிக்கிறது என்றால், பிள்ளை கதையை விட்டுவிட்டு மரத்தையே தொட்டுக்கொண்டிருக்கும்.

விளம்பரம் இதைவிடப் பெரிய தொல்லை. ராடெஸ்கி பங்கேற்ற இன்னோர் ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான 135 செயலிகளை அலசினார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு வடிவில் விளம்பரம் இருந்தது. ஒரு டாக்டர் விளையாட்டில், காசு கொடுத்து வாங்காமல் நகர்ந்தால் கதாபாத்திரம் தலையை ஆட்டி அழத் தொடங்கிவிடும். எது விளையாட்டு, எது விற்பனை என்று நான்கு வயதில் பிரிக்கத் தெரியாது. அழும் பொம்மையைச் சமாதானப்படுத்தவே பிள்ளை பட்டனை அழுத்தும். அப்படி அழுத்திய விரல்களால் அமெரிக்கப் பெற்றோர் பட்ட நஷ்டம் 2014இல் வழக்காகவே முடிந்தது. ஒருமுறை பாஸ்வேர்டு போட்டதும் அடுத்த பதினைந்து நிமிடம் கேட்காமலேயே வாங்க முடியும் என்பதைப் பெற்றோருக்கு ஆப்பிள் சொல்லவில்லை என்றது அந்நாட்டு வணிக ஆணையம்; குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் கூகுளும் குறைந்தது 1.9 கோடி டாலர் தர வேண்டிவந்தது. இந்தியாவில் 2023இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. பெற்றோரின் ஒப்புதலையும் கட்டாயமாக்குகிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, எழுத்துப் பழகும் செயலி எதற்காகத் தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்கிறது என்று இறக்கும்போதே கேட்டுவிடலாம். பதில் தெரியாவிட்டால் அனுமதி கொடுக்க வேண்டியதில்லை.

இலவசம் என்றாலே இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. 2018இல் வெளிவந்த கான் அகாடமி கிட்ஸ் முழுக்க இலவசம். விளம்பரமும் இல்லை, சந்தாவும் இல்லை. 2000ஆம் ஆண்டில் புரூனோ கூடுவான் என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கிய ஜிகாம்ப்ரி, இரண்டு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. தன்னார்வலர்கள் இன்றும் அதை வளர்த்து வருகிறார்கள். 2014இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் இணைந்து கொண்டுவந்த ஸ்கிராட்ச் ஜூனியர் தனி ரகம். படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளையும் படக் கட்டைகளைக் கோத்துப் பூனையை நடக்க, குதிக்க, மறைய வைக்கலாம். சரியான விடை என்று அதில் ஒன்று கிடையாது. பூனை ஏன் சுவரில் முட்டுகிறது என்று பிள்ளையே யோசித்துக் கட்டையை மாற்ற வேண்டும். ஒரு செயலியில் பிள்ளை திகைத்து நிற்கவும் மீண்டும் முயலவும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது, அதில் எத்தனை பாடம் இருக்கிறது என்று எண்ணுவதைவிட முக்கியம்.

தமிழ் வாசிப்புக்கு இரண்டு வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பு நிலைவாரியாகத் தேடலாம், அச்சிட்டும் கொடுக்கலாம். கூகுளின் ரீட் அலாங், பிள்ளை வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டு, தடுமாறும் சொல்லை உச்சரித்துக் காட்டும். 2019இல் 'போலோ' என்ற பெயரில் இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் வந்தது, 2020இல் தமிழுக்கும் வந்தது. இறக்கிய கதைகளை இணையம் இல்லாமலும் வாசிக்கலாம்.

எவ்வளவு நேரம் என்பதில் மருத்துவர்களிடையே பெரிய வேறுபாடு இல்லை. இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம், ஐந்து வயதை எட்டும்வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதன் சாரம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் அகாடமியின் வழிகாட்டுதலும் ஏறக்குறைய அதுவே; தூரத்தில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசுவதை மட்டும் விலக்காக அனுமதிக்கிறது. ஆகவே தானாகவே முடிந்து நிற்கும் செயலி, ஒன்று முடியுமுன் அடுத்ததை ஓடவிடும் செயலியைவிட நல்லது. போனை நீட்டுவதற்கு முன் அம்மாவோ அப்பாவோ ஒருமுறை முழுக்க விளையாடிப் பார்த்து, ஃபிளைட் மோடிலும் போட்டுப் பார்த்தால், அது எங்கே நிற்கிறது, எங்கே காசு கேட்கிறது, இணையம் இல்லாமல் எதுவரை ஓடுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

செயலி மட்டுமே ஆசிரியராக இருக்க வேண்டிய இடங்களும் உலகில் உண்டு. தான்சானியாவில் சுமார் 170 கிராமங்களில் ஏறக்குறைய மூன்றாயிரம் பிள்ளைகளுக்குச் சுவாஹிலி மொழிச் செயலிகள் நிறைந்த டேப்லெட்களைக் கொடுத்துப் பதினைந்து மாதம் சோதித்தது எக்ஸ்பிரைஸ் போட்டி. அந்தப் பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்கினர் பள்ளிக்கே போனதில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சுவாஹிலியில் ஒரு சொல்கூட வாசிக்கத் தெரியாது. முடிவில், வாசிக்கத் தெரியாதவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. 2019இல் கிட்கிட் ஸ்கூல், ஒன்பில்லியன் என்ற இரண்டும் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டன. நன்றாகச் செய்த செயலிக்கு இவ்வளவு வலிமை உண்டு. பள்ளியும் வீடும் பேச்சும் உள்ள பிள்ளைக்கு அதே வலிமையை எங்கே பயன்படுத்துவது என்பதுதான் தமிழ்ப் பெற்றோரின் கேள்வி.

அதற்குச் சிகாகோவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. 'பெட்டைம் மேத்' என்ற செயலியில் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு குட்டிச் செய்தியும் அதையொட்டிச் சில கணக்குகளும் வரும். மின்னும் பரிசு, நாணயச் சத்தம் எதுவும் இல்லை. பெற்றோர் வாசிக்க வேண்டும், பிள்ளை யோசிக்க வேண்டும், இருவரும் பேச வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தினர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 587 பேரின் வீடுகளில் சோதித்து, 2015இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். இதை அடிக்கடி பயன்படுத்திய வீட்டுப் பிள்ளைகள், இதே போன்ற வாசிப்புச் செயலியைப் பயன்படுத்தியவர்களைவிட ஆண்டு முடிவில் கணக்கில் கிட்டத்தட்ட மூன்று மாதம் முன்னால் இருந்தார்கள். கணக்கு என்றாலே பயப்படும் பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன். வாரம் ஒருமுறை செய்தாலே போதுமானதாக இருந்தது. செயலியைத் தொடுவது குறைந்த பிறகும் மூன்றாம் வகுப்பு வரை பலன் நீடித்ததை 2018இல் கண்டார்கள். அந்தப் பெற்றோர், தங்கள் பிள்ளைக்குக் கணக்கு வரும் என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள்.

தமிழில் இதைச் செய்யப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். பல்லாங்குழியில் மிஞ்சும் சோழிகள், இரண்டு முழு டிக்கெட்டுக்கும் ஓர் அரை டிக்கெட்டுக்கும் கண்டக்டர் தர வேண்டிய சில்லறை, ஒரு தட்டுக்கு நான்கு இட்லி என்றால் மூன்று தட்டுக்கு எத்தனை என்று இரவுக்கு ஒரு சின்னக் கணக்கு. அதை வாசித்துக் காட்ட அப்பாவுக்கோ பாட்டிக்கோ பெரிய எழுத்தில் நான்கு வரி. எழுத்தாளர் ஒருவரும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் ஒருவரும் நிரல் எழுதத் தெரிந்த கல்லூரி மாணவர்கள் சிலரும் சேர்ந்தால் செய்துவிடலாம். அது வரும்வரை, ஸ்டோரிவீவரில் இன்றிரவு ஒரு கதையை இறக்கி, எத்தனை பேர் வந்தார்கள், யார் முதலில் போனார்கள் என்று பிள்ளையிடம் கேட்டபடியே வாசிக்கலாம்.