அழுத்தாமல் தொடுங்கள்

எங்கள் மூத்தாப்பாவின் தையல் கடை, வீட்டின் முன் விறாந்தையில்தான் இருந்தது. காலால் மிதிக்கும் ஒரு தையல் மெசின், துணி வெட்டும் நீண்ட மேசை, சுவர் ஆணியில் தொங்கும் அளவுநாடா, மேசை மூலையில் ஒரு பழைய கெசட் ரேடியோ. நான் பாலர் பாடசாலைக்குப் போன காலத்திலிருந்தே அந்த ரேடியோவில் ஒரு சத்தத்தைக் கேட்டு வளர்ந்தேன். அது வயலினும் இல்லை, புல்லாங்குழலும் இல்லை. யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது போல இருக்கும். கீழேயிருந்து மேலே போகும்போது படிப்படியாக ஏறாது, வழுக்கிக்கொண்டே போகும்.

"மூத்தாப்பா, இது ஆரு பாடுற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாடல்ல மகள். கிட்டார் வாசிக்கிற சத்தம். ஜெரி பேர்ட் எண்டு ஒரு மனிசன்."

அப்போதுதான் வகுப்பில் 'பேர்ட்' என்றால் பறவை என்று படித்திருந்தேன். ரேடியோவுக்குள் ஒரு குருவி இருப்பதாகவே பல நாட்கள் நம்பிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் இன்றும் சிரிப்பார்கள்.

அந்தக் கெசட் வந்த கதையை மூத்தாப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். 1980களில் அவர் குவைத்தில் ஒரு தையல் கடையில் வேலை செய்தார். ஓர் அறையில் ஆறு பேர். ஊரிலிருந்து கடிதம் வர வாரக் கணக்காகும். உம்மா பிறந்த செய்தியே அவருக்குக் கடிதத்தில்தான் கிடைத்ததாம். பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் அரபும் அதைவிடக் கொஞ்சம் ஆங்கிலமும். இரவில் விளக்கை அணைத்த பிறகு அவர் மெதுவாக இந்தக் கெசட்டைப் போடுவார். மூத்தாப்பா ஊருக்குத் திரும்பிய நாளில், விமான நிலையத்துக்குப் போகும் வாகனம் வரை வந்து அதைக் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனாராம்.

கெசட்டின் ஒரு பக்கத்தில் ஹேங்க் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாடகரின் பாட்டுகள். மறுபக்கத்தில் பாட்டே இல்லை, கிட்டார் மட்டும். "அந்தப் பாட்டுக்காரருக்குப் பின்னால வாசிக்கிறவரும் இந்தப் பக்கத்தில வாசிக்கிறவரும் ஒரே ஆள்தான்" என்று அந்த நண்பர் சொல்லிக் கொடுத்திருந்தாராம்.

"பாட்டுட கருத்து எனக்கு விளங்காது மகள்" என்பார் மூத்தாப்பா. "ஆனா அந்த மனிசன்ட குரல் அழுவுது. ஒரு வரி முடிஞ்ச உடனே இந்தக் கம்பி, 'அழாதீங்க, நான் இரிக்கன்' எண்டு சொல்லுது. அது மட்டும் விளங்கும்."

மூத்தாப்பாவின் கைத்தையல் எங்கள் பகுதியில் பேர் பெற்றது. முக்கியமாக, சட்டைக்குக் கையால் தைக்கும் பொத்தான் ஓட்டை. மெசினில் தைத்தால் ஒரு நிமிடம் கூட ஆகாது. அவர் ஒன்றுக்குப் பத்து நிமிடம் எடுப்பார். ரெடிமேட் சட்டைகள் கடைத்தெருவை நிறைத்த பிறகு தைக்க வருபவர்கள் குறைந்து போனார்கள். மோட்டர் பூட்டச் சொல்லி மாமா பணம் அனுப்பினார். அந்தப் பணத்தில் எங்கள் கூரை ஓட்டை மாற்றினாரே தவிர மெசினுக்கு மோட்டர் பூட்டவில்லை.

"வாங்க மகள், பொத்தான் ஓட்டை தைக்கப் பழக்கித் தாறன்" என்று என்னை மூன்று தடவை கூப்பிட்டார். எனக்கு எண்ணிக்கை நன்றாக நினைவிருக்கிறது. முதல் தடவை தவணைப் பரீட்சை. இரண்டாவது தடவை தமிழ்த்தினப் போட்டி. மூன்றாவது தடவை சாதாரண தரப் பரீட்சை. மூன்று தடவையும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "பிறகு பழகுறன் மூத்தாப்பா."

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பதினொரு நாளில் மூத்தாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் வலது கை திரும்பவில்லை. ஊசி பிடித்த அந்தக் கை இப்போது மடியில் ஒரு பொருளைப் போலக் கிடக்கிறது.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் கெசட் நாடாவும் ரேடியோவுக்குள் சிக்கி அறுந்துவிட்டது. மூத்தாப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் சாச்சாவின் போனை வாங்கி அந்தப் பெயரைத் தேடினேன். சத்தத்தை மட்டும்தான் தேடினேன். கிடைத்ததோ ஒரு மனிதரின் முழு வாழ்க்கை.

ஜெரி பேர்ட் 1920ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், லைமா என்ற ஊரில் பிறந்தவர். பதின்மூன்று வயதில், ஊருக்கு வந்த ஒரு கூடார நிகழ்ச்சியில் ஹவாய்த் தீவுக் கலைஞர்கள் வாசித்ததைக் கேட்டிருக்கிறார். கிட்டாரை மடியில் படுக்க வைத்து, இடது கையில் ஓர் உருக்குத் துண்டைப் பிடித்து, கம்பிகளின் மேல் வழுக்கி வாசிக்கும் முறை அது. அதனால்தான் அதற்கு ஸ்டீல் கிட்டார் என்று பெயர். அந்தச் சத்தத்தை அவர் பிறகு வாழ்நாளில் விடவே இல்லை.

அந்த முறையைக் கண்டுபிடித்தவராகச் சொல்லப்படுபவர் ஒரு பாடசாலை மாணவர் என்று வாசித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஜோசப் கெகூகூ என்ற ஹவாய்ச் சிறுவர், 1889ஆம் ஆண்டளவில் ஹொனலுலுவின் கமேஹமேஹா பாடசாலையில் படித்த காலத்தில், சீப்பு, கத்தியின் முதுகு என்று எதையெதையோ கம்பியில் தேய்த்துப் பார்த்து, கடைசியில் உருக்குத் துண்டுக்கு வந்து சேர்ந்தாராம். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஹவாய்க் கலைஞர்கள் அதை அமெரிக்கா எங்கும் கொண்டு போனார்கள். அங்கே அது நாட்டுப்புறப் பாட்டோடு சேர்ந்துகொண்டது.

1948 டிசம்பர் 22இல் சின்சினாட்டி நகரில் ஹேங்க் வில்லியம்ஸ் 'லவ்சிக் புளூஸ்' என்ற பாட்டை ஒலிப்பதிவு செய்தபோது ஸ்டீல் கிட்டார் வாசித்தவர் ஜெரி பேர்ட். அடுத்த வருடம் அந்தப் பாட்டு நாட்டுப்புறப் பாடல்களில் முதலிடத்துக்கு வந்தது. 1949 ஆகஸ்ட் 30இல் அதே நகரில் 'ஐம் சோ லோன்சம் ஐ குட் க்ரை' பாட்டுக்கும் அவரே வாசித்தார். குவைத்தில் விளக்கு அணைந்த அறையில் ஒலித்தது இந்தப் பாட்டுதான் என்பதை, மூத்தாப்பாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

1954இல் வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' என்ற பாட்டு வெளிவந்தது. அதில் பட் ஐசக்ஸ் என்பவர் காலால் மிதிக்கும் பெடல் பூட்டிய ஸ்டீல் கிட்டார் வாசித்தார். பெடலை மிதித்தால் குறிப்பிட்ட கம்பிகளின் சுரம் மட்டும் ஏறும், மற்றவை அப்படியே நிற்கும். கேட்டவர்களுக்கு அது புதுமையாக இருந்தது. ஒருவர் பின் ஒருவராகப் பலரும் பெடலுக்கு மாறினார்கள். ஜெரி பேர்ட் மாறவில்லை. அந்த வேலைகளில் பலவற்றை உருக்குத் துண்டைச் சாய்த்துப் பிடித்தே அவர் செய்தார். காலம் பெடலின் பக்கம் போகப் போக, அவருக்கு ஒலிப்பதிவு வாய்ப்புகள் குறைந்தன.

இந்த இடத்தை நான் வாசித்துச் சொன்னபோது மூத்தாப்பா பல நாட்களுக்குப் பிறகு சிரித்தார்.

"அவருக்குப் பெடல் வாணாம். எனக்குப் பெடல்தான் வேணும். ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம்" என்றார்.

மூத்தாப்பாவை மேலும் அமைதியாக்கியது அதற்குப் பிந்திய கதை. 1972இல், ஐம்பத்திரண்டு வயதில், ஜெரி பேர்ட் நாட்டுப்புற இசையின் தலைநகரான நாஷ்வில்லை விட்டு ஹவாய்க்குக் குடிபெயர்ந்தார். ஸ்டீல் கிட்டார் பிறந்த மண்ணிலேயே அப்போது அதை வாசிக்கும் இளைஞர்கள் அருகிப் போயிருந்தார்கள். அவர் அங்கே தங்கி, தீவின் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். இன்று ஹவாயில் மதிக்கப்படும் ஸ்டீல் கிட்டார் கலைஞரும் ஆசிரியருமான அலன் அக்காக்கா அவரிடம் படித்தவர். 2005 ஏப்ரலில், எண்பத்தைந்தாவது வயதில், ஜெரி பேர்ட் ஹொனலுலுவில் காலமானார். சிறு வயதில் ஹவாய்க்காரர்களிடம் கேட்டு எடுத்துக்கொண்டதை, முதுமையில் அவர்களின் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வாசித்து முடித்தேன். மூத்தாப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவருக்குப் பழகுறதுக்குப் புள்ளைகள் வந்திரிக்காங்க" என்றார்.

குறை சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. எழுந்து போய் தையல் மேசை லாச்சியைத் திறந்து ஊசியையும் நூலையும் ஒரு துண்டுத் துணியையும் எடுத்து வந்து அவருடைய கட்டிலில் உட்கார்ந்தேன்.

"சொல்லித் தாங்க மூத்தாப்பா."

கையால் காட்டிக் கொடுக்க வேண்டியதை வாயால் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஊசி எந்தப் பக்கம் ஏற வேண்டும், நூலை எங்கே சுற்ற வேண்டும், முடிச்சு எந்த விளிம்பில் உட்கார வேண்டும். அவர் சொல்வார், நான் பிழையாகச் செய்வேன். இடது கையால் என் விரலைப் பிடித்துத் திருப்பிவிடுவார். நான் நூலை இறுக்கி இழுக்க, துணி சுருங்கிப் போகும்.

"அழுத்தாதீங்க மகள். அந்த மனிசன் கம்பியை அழுத்துறாரா? தொட்டுக்கொண்டு போறார். அப்பிடிச் செய்யுங்க."

அது உண்மைதான். சாதாரண கிட்டாரில் விரலால் கம்பியைப் பலகையோடு அழுத்த வேண்டும். ஸ்டீல் கிட்டாரில் கம்பிகள் பலகையை விட்டு உயர்ந்திருக்கும். உருக்குத் துண்டு அவற்றின் மேல் தொட்டபடி நகரும். கோடுகள் இடத்தைக் காட்டும் அடையாளம் மட்டுமே. துண்டு மயிரிழை தள்ளினாலும் சுரம் பிசகிவிடும். சரியான இடத்தைக் காதும் கையும்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஜெரி பேர்ட்டின் பெயரைச் சொல்பவர்கள் எல்லோரும் அவருடைய தொடுகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பாட்டின் கருத்து விளங்காத மூத்தாப்பா இதைப் பல வருடங்களுக்கு முன்பே, ஊசி பிடித்த கையால் விளங்கி வைத்திருந்தார்.

இப்போது நான் உயர்தர வகுப்பில் இருக்கிறேன். பரீட்சைகள் முன்பைவிட அதிகம். ஆனாலும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் மூத்தாப்பாவின் கட்டிலடியில் உட்கார்ந்துவிடுவேன். போனில் ஜெரி பேர்ட் மெதுவாக வாசித்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் தம்பியின் பாடசாலைச் சட்டைக்கு முதன்முதலாக ஒரு பொத்தான் ஓட்டை தைத்துக் கொண்டு போய்க் கொடுத்தேன். மூத்தாப்பா கண்ணாடியைக்கூடப் போடவில்லை. இடது பெருவிரலால் அதன் விளிம்பை ஒரு சுற்றுத் தடவினார். கீழ்ப்பக்கத்தில் ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்த ரெண்டு தையலும் இறுகிப் போச்சு" என்றார். "பிரிச்சுப்போட்டுத் திரும்பத் தைங்க."

பிரித்துக்கொண்டிருக்கிறேன்.