விரல் எண்ணும் பழங்கள்

பிள்ளை ஒன்று முதல் பத்து வரை ஒப்புவித்தால் எண்ணத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று தொட்டுச் சொல்ல வேண்டும்.

எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட பசிகொண்ட புழுவின் படக்கதையை என் பேத்தியோடு பார்ப்பதுண்டு. திங்கள் ஓர் அப்பிள், செவ்வாய் இரண்டு பெயார்ஸ், இப்படியே வெள்ளியன்று ஐந்து தோடம்பழம். பழந்தோறும் புழு தின்ற துளை. அதில் விரலை விட்டுத்தான் எண்ணுவாள்.

'நானா மாதிரி எனக்கு வராது' என்று ஒதுங்கியிருந்தவள் இவள். (வீட்டுக்கு வருபவர்கள் ஒப்பிட்டுப் பேசிய வினை!) நாலுக்குப் பின் ஆறு என்றால் நான் திருத்துவதில்லை. 'இன்னொருக்கா தொட்டுப் பாருங்க மகள்' என்பேன். ஐந்தைத் தானே கண்டுபிடித்ததும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

புத்தகம் வாங்க வசதியில்லையா? தடித்த மட்டையில் பழங்களை வரைந்து, துளையிட்டுக் கொடுங்கள்.