தையல் மிஷின் விற்ற கதை



சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் கணக்கு நடத்தியவன், போன மாதம் ஒரு கழித்தல் கணக்கில் ஏமாந்துவிட்டேன்.

வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. இனிமேல் மிதிக்க முடியாது, விற்றுவிடுங்கள் என்றாள். பழைய தையல் மிஷினைப் போட்டோ எடுத்து, 4,500 ரூபாய் என்று ஒரு செயலியில் போட்டேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்தில் வேலை பார்க்கிறாராம். யூனிஃபார்ம் போட்டோ, அடையாள அட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. பக்கத்து அரக்கோணம்தானே என்று நம்பினேன். மனிதர் விலையே குறைத்துக் கேட்கவில்லை. கத்தரிக்காய்க்கே பேரம் பேசுகிற ஊர் நம்முடையது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதலில் சோதனைக்கு என்று 10 ரூபாய் அனுப்பினார். வந்தது. பிறகு ஒரு க்யூஆர் கோடு வந்தது. "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க சார், 4,500 உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்." போட்டேன். வரவில்லை, போனது. "டெக்னிக்கல் எரர் சார், இன்னொரு கோடு அனுப்புறேன், மொத்தமா 9,000 வந்துடும்" என்றான். (இனி அவனுக்கு 'ர்' விகுதி கிடையாது.) வீட்டம்மா போனைப் பிடுங்கியதால் அதோடு நின்றது. நிகர நஷ்டம் 4,490.

வங்கியில் வேலை பார்க்கும் மாணவன் ஒருவனைக் கூப்பிட்டேன். பெயர் போட்டால் திட்டுவான். "சார், பணம் அனுப்பத்தான் பின் நம்பர். வாங்குறதுக்கு பின்னும் வேணாம், ஸ்கேனும் வேணாம். முதல்ல 1930-க்கு போன் பண்ணுங்க" என்றான். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் புகார் போனால்தான் அதை நிறுத்திவைக்க முடியும். நான் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் இரண்டு மணி நேரம் போய்விட்டது. பணம் இன்னும் திரும்பவில்லை. நீங்கள் அப்படி உட்காராதீர்கள்.

ஆளுக்கு ஆள் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட் ரிக்வெஸ்ட்' வசதியை 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ நிறுத்திவிட்டது. ஆனால் க்யூஆர் கோடு வழி திறந்தேதான் இருக்கிறது.

மிஷின் போன ஞாயிற்றுக்கிழமை விற்றது. நகரியிலிருந்து ஒரு தம்பதி மினி வேனில் வந்தார்கள். துணி வைத்து ஓட்டிப் பார்த்து, பேரம் பேசி, 4,000-க்கு முடித்தார்கள். அந்தப் பையன் போனில் பணம் அனுப்பிவிட்டு ஸ்கிரீனைக் காட்டினான். ஸ்கிரீன்ஷாட்டையும் எஸ்எம்எஸ்ஸையும் போலியாகச் செய்கிறார்களே! "கொஞ்சம் இருங்க தம்பி" என்று என் வங்கிச் செயலியைத் திறந்தேன். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிஷம் எல்லோரும் சங்கடமாக நின்றோம். அந்தப் பெண்தான், "பர்வாலேது சார், சூஸ்கோண்டி" என்று சிரித்தாள்.

இருப்பில் 4,000 ஏறியதைப் பார்த்த பிறகுதான் மிஷின் வேனில் ஏறியது. வீட்டம்மா எண்ணெய்க் குப்பியையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினாள்.